பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட்: தேதியைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இருக்கும் அமெரிக்கக் குடியுரிமைக் குடும்பங்கள் இன்றே பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். 16 வயதுக்குள் எடுத்தது 5 வருடம்தான் செல்லும், பெரியவர்களுக்குப் போல 10 வருடம் இல்லை. இதைக் கவனிக்காமல் விட்டு, மகளின் பயணத்துக்கு முன் நாங்கள் தவித்துப் போனோம்.

புதிய பாஸ்போர்ட் எடுக்க, அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்துகொண்டு, பிள்ளையோடு அப்பா, அம்மா இருவரும் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 சம்மதப் படிவம் தேவை. டிஎஸ்-11 என்ற பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதிகாரி சொன்ன பிறகு அவர் முன்னால்தான் போட வேண்டும். போட்டோ 2 அங்குலச் சதுரம், மூக்குக்கண்ணாடி கூடாது.

அப்புறம், பாதுகாப்பு எச்சரிக்கைகள் மின்னஞ்சலில் வர, வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர்களுக்கான அமெரிக்க அரசின் ஸ்டெப் (STEP) பதிவுத் திட்டத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். கட்டணம் இல்லை.