செயலாளர் ஆண்டறிக்கை – 2023

மதிப்பிற்குரிய ஆன்ம இயக்குநர் அடிகளார் அவர்களே, தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் வாழ் தமிழ்க் கத்தோலிக்கரான நாம் இவ்வாண்டு ஒருவரது வாழ்வை மட்டுமே எடுத்துப் படிப்பதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் பேசில் ஹியூம். அவர் பிறந்து கடந்த மார்ச் 2-ஆம் தேதி நூறாண்டு நிறைந்தது. “வேறு ஆளா கிடைக்கவில்லை?” என்று கேட்ட மூத்தவர்கள்தாம் பிறகு எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருந்தார்கள்.

ஹியூம் நியூகாசில்காரர். தந்தை புராட்டஸ்டண்ட் மருத்துவர். தாய் பிரெஞ்சுக் கத்தோலிக்கர். 18 வயதில் யார்க்ஷயரின் ஆம்பிள்ஃபோர்த் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். மடத்துப் பள்ளியில் பாடம் நடத்தி, ரக்பியும் பழக்கினார். 1963-இல் மடத்துத் தலைவர். ஆயராகவே இருந்திராத அவரை 1976-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக்கினார். மே மாதம் கர்தினாலாகவும் உயர்த்தினார். பேராயராகப் பொறுப்பேற்ற அன்று மாலையே தம் மடத்துத் துறவிகளோடு ஆங்கிலிக்கன் திருச்சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போய் மாலைச் செபம் பாடினார். ஆசீர்வாதப்பர் சபையார் அங்கே பாடி 400 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

கூட்டங்களில் அதிக நேரம் விவாதித்தது இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரக் குண்டுவெடிப்பு வழக்கைத்தான். 1974-இல் நடந்த அந்தக் குண்டுவெடிப்புக்காகக் கைதான மகனுக்கு உதவ வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த ஜுசெப்பே கான்லன் என்ற நுரையீரல் நோயாளியும் பிடிபட்டார். கைகளைத் துடைத்தெடுத்த பஞ்சில் வெடிமருந்துத் தடம் இருந்ததாக ஆய்வுக்கூடம் சொன்னதே அவருக்கு எதிரான பெரிய சான்று. சிறையில் அவரைச் சந்தித்த ஹியூம், இவர் குற்றமற்றவர் என்று உறுதிகொண்டார். 1980-இல் ஜுசெப்பே விடுதலை காணாமலே இறந்தார். ஹியூம் விடவில்லை. 1987-இல் முன்னாள் உள்துறை அமைச்சர்கள் இருவரோடும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரோடும் உள்துறை அமைச்சரைச் சந்தித்து முறையிட்டார். குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த, ஜுசெப்பேயின் மகன் உள்ளிட்ட நால்வர் 1989-இல் விடுதலையானார்கள். ஜுசெப்பே உள்ளிட்டோர் மீதான தீர்ப்பு 1991-இல்தான் ரத்தானது. ஐரிஷ்காரர் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த காலத்தில் இதைச் செய்தார் என்பதே, என் கணிப்பில், அவர் பெற்ற பட்டங்களைவிடப் பெரிது. அகதி மனுவோடு அலைந்த நம் உறுப்பினர்கள் சிலர் அன்று பேசியது கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது.

நினைவு நாளான ஜூன் 17 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் கல்லறையில் செபித்தோம். 1999 ஏப்ரலில் தமக்குப் புற்றுநோய் என்று குருக்களுக்கு அவரே கடிதம் எழுதினார். ஜூன் 2-இல் அரசியார் கையால் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்ற உயரிய விருதைப் பெற்றார். அதற்குப் பதினைந்து நாள் கழித்து மறைந்தார்.

கிறிஸ்து பிறப்பு விழா, விளையாட்டுப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. மழையால் சுற்றுலா கைவிடப்பட்டது. விழாவில் மீந்த தொகையை ஹியூம் 1986-இல் தொடங்கிய, வீடற்ற இளைஞருக்கான மையத்துக்கு அனுப்பச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேர்தலுக்கு முன் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்