ஒகவாரி அரிமாசென் கா

தம்பிக்கு,

ஜப்பானுக்கு அனுப்பின ஊறுகாய் பார்சல் வந்துச்சான்னு நீ சொல்லவே இல்ல, பரவால்ல. கீழ்வீட்டுப் பொண்ணு டிசம்பர்ல ஜப்பானிய மொழி ஆரம்பநிலை பரீட்சை, என்5, எழுதுது, அது சத்தமா படிக்கறப்ப நானும் ஒரு நோட்டோட போய் உக்காந்துடறேன். அக்கறையா விசாரிக்கற வார்த்தை மட்டும் எழுதி வச்சிருக்கேன். ஒடைஜி நி, உடம்பப் பாத்துக்கங்கன்னு, அது உடம்பு முடியாதவங்களுக்கு மட்டுமாம், மருந்துக்கடையில மாத்திரை குடுத்துட்டு சொல்வாங்களாம். முரி ஷினைதே குதசாய். முரின்னா முடியாததாம், முடியாதத இழுத்துப் போட்டுக்காதீங்கன்னு சொல்றது. நேரத்துக்கு தூங்குப்பா.

டைஜோபு தெஸ் கா, நல்லாருக்கீங்களான்னு கேட்டா டைஜோபு தெஸ், நல்லாருக்கேன்னு பதில், கேள்வியும் அதே வார்த்தை பதிலும் அதே வார்த்தை. கடையில பை வேணுமான்னு கேட்டா வேணாம்னு சொல்றதுக்கும் அதேதானாம். அத கேட்டதுலேருந்து எனக்கு மனசு சரியில்ல. நீ போன்ல "நல்லாருக்கேம்மா"ங்கறது எந்த டைஜோபு?

நீ மேனேஜர்கிட்ட அவங்க பாஷையிலயே பேசறேன்னு மாமாகிட்ட அவ்ளோ பெருமையா சொன்னேன். அவங்களுக்கெல்லாம் தினம் ஒட்சுகரேசமா, உழைச்சு களைச்சிருப்பீங்கன்னு சொல்ற, அம்மாவுக்கு ஒரு வாரமா ஒரு வரி இல்ல. இங்க ராத்திரி 11.30ன்னா உனக்கு 3 மணி, அப்பவும் வாட்சப்ல ஆன்லைன்னு காட்டுது. நான் ஒண்ணும் கேக்கல. தூங்கு, நேரத்துக்கு சாப்பிடு.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சப்ப உனக்கு செமஸ்டர். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துகிட்டே "எல்லாரும் நல்லாருக்கோம், நீ படி"ன்னு உன்கிட்ட சொன்னேன். லீவுக்கு வந்தப்ப அந்த மாத்திரை டப்பாவப் பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்காம மாடிக்குப் போயிட்ட. நான் பின்னாடியே வந்திருக்கணும், வரல, தோசை ஊத்திட்டு இருந்தேன். நல்லாருக்கோம்னு சொல்லி மூடி வைக்க உனக்குக் கத்துக் குடுத்தவ நான்தான், தப்பு பண்ணிட்டேன்பா, இத்தன வருஷம் அத உன்கிட்ட சொல்லாம விட்டதும் தப்பு.

ரொம்ப நாள் பேசாதவங்ககிட்ட ஒகவாரி அரிமாசென் கான்னு கேப்பாங்களாம், மாற்றம் ஒண்ணும் இல்லையேன்னு. ரெண்டாவது தரம் சோறு கேக்கறதுக்கும் ஒகவாரிதானாம், எழுத்து வேற, சத்தம் ஒண்ணு. அந்த வரிய மட்டும் நாலு தடவ எழுதிப் பாத்தேன். மாற்றம் இருந்தாலும் சொல்லு. வேல போயிருந்தாலும் சரி, திரும்பி வரணும்னாலும் சரி. அப்பா 10 மணிக்கே தூங்கிடறாரு. உனக்கு 3 மணின்னாலும் போன் பண்ணு, நான் முழிச்சுதான் இருப்பேன்.

அம்மா