மேலண்டைச் சுவரும் மூணரை லட்சமும்

அடியே விஜி,

உன் லெட்டர் வந்து மூணு வாரமாச்சு, பதிலே காணோம்னு திட்டித் தீத்திருப்பன்னு தெரியும். உக்காந்து எழுத வீட்டுல எடமில்லடி, நெஜமாத்தான் சொல்றேன், கட்டில் திண்ணைல கெடக்கு, பீரோ மாட்டுக்கொட்டாய்ல நிக்குது, நான் அடுப்பங்கரைல அரிசி டிரம்மு மேல நோட்ட வச்சுக்கிட்டு எழுதுறேன். உன் முட்டிவலி எப்டி இருக்கு? லிஃப்ட்ட சரி பண்ணாங்களா இல்ல இன்னும் மூணு மாடி ஏறி எறங்கிக்கிட்டுதான் இருக்கியா?

வீட்டு வேலை என்னாச்சுன்னு கேட்டிருந்த. அம்மா போனதும் கும்பகோணத்து வீட்ட வித்துடலாம்னு தம்பி சொன்னதும், நான் ரிட்டயர் ஆகி அங்கயே வந்து இருக்கப்போறேன்னு மல்லுக்கு நின்னதும் உனக்குத் தெரியும். கைல இருந்தது சீட்டு எடுத்த மூணரை லட்சம், அவ்ளோதான். அதுக்குள்ள, சிமென்ட் முடிஞ்சவரை இல்லாம, இருக்கற சாமானையே திருப்பி வச்சு பண்ணணும்னு நெனச்சேன். நெனக்கறதுக்கு காசா பணமா.

கூடத்து மேலண்டைச் சுவரு ஞாபகம் இருக்கா? காலேஜ் லீவுக்கு வந்தப்ப அதுல கன்னத்த வச்சுக்கிட்டு முட்டை மாதிரி இருக்குடின்னு சொல்லுவியே, அதேதான். 1996ல அப்பா அத கொத்திட்டு சிமென்ட் பூசினாரு, நாகரிகமா இருக்கட்டும்னு. அதுலேருந்து புடிச்சது ஓதம். உள்ள செங்கல்லும் சுண்ணாம்பும், தரைலேருந்து ஈரத்த இழுத்துக்கிட்டுதான் இருக்கும், முன்னல்லாம் அந்த ஈரம் சுண்ணாம்பு வழியா வெளில வந்து காஞ்சுடும், சிமென்ட் பூசினதும் வழி அடைஞ்சு போச்சா, மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. இடுப்பு ஒசரத்துக்கு உப்பு பூத்து, காலைல பெருக்கினா மொறம் நெறைய வரும்.

மொதல்ல வந்த கொத்தனாரு சின்னப் பையன், கெமிக்கல் கலந்து மறுபடி சிமென்ட்டே பூசிடலாம்கா நாலு நாள்ல முடிச்சிடலாம்னான். டவுன்ல சுண்ணாம்பு வேலைன்னே தனியா செய்யறவங்கள கேட்டா அவங்க சொன்ன ரேட்டுக்கு நான் புதுசா ஒரு ரூமே கட்டிடலாம். கடைசில கோயில் திருப்பணிலெல்லாம் வேலை பாத்த ஒரு பெரியவரு கெடச்சாரு, வயசு 74, காது கொஞ்சம் மந்தம், ஆனா சுவத்த நகத்தால சொரண்டி நாக்குல வச்சுப் பாத்துட்டு உப்புதான்னு சொன்னாரு பாரு, அப்பவே இவருதான்னு முடிவு பண்ணிட்டேன்.

கல்லு சுண்ணாம்ப தொட்டில போட்டு தண்ணி ஊத்தினா சோத்துப்பானை மாதிரி கொதிக்குதுடி, அத 15 நாள் அப்டியே ஊற விடணும், இன்னொரு டிரம்முல கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டு அது நொதிச்சு வர்ற வாடை தெருக்கோடி வரைக்கும் போச்சு, பக்கத்து வீட்டம்மா வந்து மெதுவா என்னக்கா சாராயம் காச்சறீங்களான்னு கேட்டுச்சு. ஒடைஞ்ச கூரை ஓடெல்லாம் இடிச்சு சலிச்சு அந்தப் பொடியையும், சுர்க்கின்னு பேரு அதுக்கு, சுண்ணாம்புல கலந்தாரு, எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம், குப்பைக்குப் போறது சுவத்துக்குள்ளயே போச்சுல்ல.

சாமான் செலவு ஒண்ணுமே இல்ல விஜி, கூலிதான் தின்னுச்சு. ஒரு கை பூசி, காயவிட்டு, தண்ணி தெளிச்சு, மறு கை பூசி, 18 நாள். கொத்தனாருக்கு 1,000, சித்தாளு ரெண்டு பேருக்கு 600, 600. கணக்கு போட்டுக்கோ, கிட்டத்தட்ட 40,000, ஒரே ஒரு சுவத்துக்கு! எங்க வீட்டு ஆளு அதுல வேற எரிச்சல கெளப்புறாரு, உலகத்துல வெளியாகற கார்பன் டை ஆக்சைடுல 8 சதவீதம் பக்கம் சிமென்ட்னாலதான்னு நான் சொன்னா, சுண்ணாம்பு மட்டும் சூளைல எரியாம வானத்துலேருந்தா விழுதுங்கறாரு. அதுவும் சரிதான். பூசினப்புறம் காத்துலேருந்து கார்பன திருப்பி இழுத்துதான் இறுகுதுன்னு சொன்னேன், ம்ம் நல்லா இறுகட்டும், என் பர்ஸ்தான் லூசாகுதுன்னுட்டு போயிட்டாரு.

அதனால மத்த சுவத்துக்கெல்லாம் பூச்சே கெடையாது. சிமென்ட்ட இடுப்பு ஒசரம் கொத்தி எடுத்துட்டு செங்கல் தெரிய அப்டியே விட்டாச்சு, மூச்சு விட்டு காயட்டும். பாக்கறவங்க வேலை பாதில நின்னு போச்சான்னு கேக்கறாங்க. ஆமான்னுடறேன்.

நான் பண்ணின பைத்தியக்காரத்தனத்தையும் கேளு. டப்பா மேல பச்சை இலை படம் போட்டிருந்துச்சுன்னு 9,000 ரூபாய்க்கு பெயிண்ட் வாங்கிட்டு வந்து, பெரியவரு ஊருக்குப் போன நேரமா பாத்து, காயாத சுண்ணாம்பு மேல நானே ரோலர் போட்டேன். பத்தே நாள்ல அப்பளம் மாதிரி பொங்கி, தொட்டா கையோட வருது. அவரு வந்து பாத்துட்டு திட்டக்கூட இல்ல, ஏம்மா மறுபடி அதே மூச்சு விடாத சட்டையத்தான் மாட்டிவிட்டீங்களான்னாரு. மறுபடி சொரண்டி, தண்ணியா கரைச்ச சுண்ணாம்பே மூணு கை அடிச்சாச்சு, அதுக்கு ஆன செலவ சொன்னா சிரிப்ப.

கூரைய பிரிச்சு மாத்தணும். நாட்டு ஓடு இப்ப யாரு சுடறா, இடிக்கற வீடா தேடிப் போயி எண்ணி எண்ணி வாங்குறோம். பின்கட்டுல மங்களூர் ஓட்ட எறக்கினப்ப ஒண்ணுல பாஸல் மிஷன் 1865ன்னு முத்திரை இருந்துச்சு, ஆகா நம்ம வீடு அவ்ளோ பழசான்னு தம்பிக்கு போட்டோ அனுப்பி பீத்திக்கிட்டேன், அப்புறம் பாத்தா அது மங்களூர்ல அந்த ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்ச வருஷமாம். சொந்தக்காரங்க எல்லாம் தகர ஷீட்ட போட்டு முடிச்சு விடுங்கறாங்க. சித்திரைல அவங்க வந்து கீழ படுக்கட்டும்.

சோலார் போடுன்னு தம்பி நச்சரிக்கிறான், ஒரு கிலோவாட்டுக்கு சென்ட்ரல் கவர்மென்ட்ல 30,000 மானியம்னு. நாங்க ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் எரிக்கிறோம், 100 யூனிட் ஃப்ரீ, பில்லு 200 ரூபாயத் தாண்டல, நான் எதுக்குடி பேனல் வாங்கணும்? பழைய ஃபேன் மூணையும் கழட்டிட்டு 30 வாட்ஸ் ஃபேன் மாட்டினேன், அதோட சரி.

ஆனா தண்ணி விஷயம் ஜெயிச்சுட்டேன். முற்றத்துக்குச் சாயற கூரை 400 சதுரடி, 10 சென்டி மழை பேஞ்சா 3,700 லிட்டர். ரெண்டு கூரை சேர்ற எடத்து கூடல்வாய்த் தகரத்த மாத்தி, கீழ குழாய் வச்சு, செகண்ட் ஹேண்ட் சின்டெக்ஸ் ஒண்ணுல புடிச்சு, மிச்சம் கெணத்துக்குப் போகுது. ஐப்பசி மொத மழைல நடுராத்திரி டேங்க் நெறைஞ்சு கெணத்துல தண்ணி விழற சத்தம் கேட்டு ரெண்டு பேரும் எழுந்து போயி டார்ச் அடிச்சு பாத்துக்கிட்டு நின்னோம். 2024 மார்ச்சுல நீ பெங்களூர்ல டேங்கர் வருமா வராதான்னு ஃபோன்ல அழுதியே, அதத்தான் நெனச்சுக்கிட்டேன்.

இப்ப மிச்சம் 61,000. பாத்ரூம் தொடவே இல்ல. உன் முட்டிக்காக ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் மட்டும் பொங்கலுக்குள்ள போட்டுடறேன், நீ வர்றது உறுதின்னா. வரும்போது டார்ச் எடுத்துட்டு வா, ரேழில இன்னும் லைட் போடல, அந்த வாசப்படில எனக்கே ரெண்டு தடவை இடிச்சிடுச்சு.

உன்,
மீனா