அணையாத ஏபிஎஸ் விளக்கும் காட்டப்படாத பிழைக் குறியீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பென்னாகரத்தில் குடியிருந்து, ஒகேனக்கல் மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளிக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று வரும் ஆசிரியர். கடந்த ஆடி மாதம் என் வண்டியின் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏற்பாடு, பழுதாகி, அதைச் சரிசெய்ய ஏறத்தாழ மூன்று வாரம் அலைந்தேன். எங்கள் பள்ளியிலேயே மேலும் இரண்டு ஆசிரியர்களின் வண்டிகளில் அந்தப் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருப்பதையும், அவர்கள் அப்படியே மலையிறங்கி வருவதையும் கண்ட பிறகு, இது என் ஒருவனுடைய தொல்லை அன்று என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் துளையிட்ட வளையம் ஒன்றும், அதன் அருகே அசையாமல் பொருத்தப்பட்ட சென்சார் ஒன்றும் சக்கரத்தின் வேகத்தை நொடிக்கு நொடி அளந்துகொண்டிருக்க, நாம் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் இறுகப் போகிறது என்று தெரிந்த உடனே ஏபிஎஸ் யூனிட்டில் உள்ள வால்வுகள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல முறை தளர்த்தியும் கூட்டியும் சக்கரத்தைத் தொடர்ந்து சுழல விடுகின்றன. சாவியைத் திருப்பியதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்து சிறிது வேகம் எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் சாதாரண டிஸ்க் பிரேக் மட்டுமே வேலை செய்கிறது, சறுக்கலிலிருந்து காக்கும் ஏற்பாடு நின்றுவிட்டது என்று பொருள்.

"பிரேக் பிடிக்கிறதே, பிறகென்ன?" என்று பலரும் கேட்கிறார்கள், நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், நான்கு ஆண்டுகள் ஏபிஎஸ் வண்டி ஓட்டிப் பழகிய கை, ஆபத்து என்றதும் முன் பிரேக்கை முழு பலத்தோடு இறுக்கிவிடுகிறது. தூறல் விழுந்த ஒரு காலை நேரத்தில், மலைப்பாதை வளைவு ஒன்றில் குரங்குக் கூட்டம் குறுக்கே ஓடியபோது என் கையும் அதைத்தான் செய்தது. முன் சக்கரம் சுழற்சி நின்று சறுக்க, வண்டியோடு சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். எதிரே பேருந்து எதுவும் வராததால் இன்று இதை எழுத முடிகிறது. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வரும் இம்மாவட்ட மக்களுக்கு, இறக்கத்தில் பிரேக் என்பது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து ஆண்டுகளாக என் வண்டிகளைப் பார்த்து வரும் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம்தான் முதலில் சென்றேன். ஃபியூஸ், பேட்டரி, பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டு, இதற்கு மேல், வண்டியில் பதிவாகும் பிழைக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவி இல்லாமல் கை வைத்தால் தவறாகிவிடும் என்று சொல்லி, கூலி கூட வாங்காமல் அனுப்பிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவர்மீது எனக்கு இருந்த மதிப்பு அன்று கூடியது. அடுத்து தருமபுரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். இரண்டு நாள் கழித்து, ஏபிஎஸ் யூனிட் முழுவதையும் மாற்ற வேண்டும், ரூ.18,600 ஆகும் என்றார்கள். என்ன பிழைக் குறியீடு வந்தது, எந்தச் சக்கரத்தின் பக்கம் குறை என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் அப்படித்தான் சார் காட்டுது" என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை. திரையையும் காட்டவில்லை, வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டிலும் எதுவும் எழுதப்படவில்லை. மனம் ஒப்பாமல் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொரு பட்டறையில் கேட்டபோது, ரூ.300 கொடுத்தால் விளக்கு எரியாதபடி செய்துவிடுவதாகச் சொன்னார்கள். நோயை விட்டுவிட்டு நோயின் அறிகுறியை மட்டும் மறைக்கும் இந்த வேலையைப் பலர் அறியாமலேயே செய்துகொள்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. அப்படி மறைத்த வண்டி நாளை இன்னொருவரிடம் விற்கப்படும். பழைய வண்டி வாங்குவோர், சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு முதலில் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த வண்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியில், ஓசூரில் வேலை செய்யும் என் மைத்துனர் சொல்லி, அங்கே தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் சென்றேன். அவர் ஸ்கேனரை இணைத்து, திரையில் வந்த குறியீட்டை என்னையே படிக்கச் சொன்னார். பிறகு ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றியபோது திரையில் வேகம் பூஜ்ஜியமாகவே நின்றது. பின் சக்கரத்தைச் சுற்றியபோது எண்கள் ஏறின. முன் சக்கர சென்சாரின் வயர், அதற்குரிய கிளிப்பில் மாட்டப்படாமல் தொங்கி, உராய்ந்து உராய்ந்து உள்ளே அறுந்திருந்தது. ஆனி மாதம் முன் டயர் மாற்றியபோது சக்கரத்தைக் கழற்றியவர்கள் வயரைச் சரியாகத் திரும்ப மாட்டவில்லை. சென்சாருக்கும் கூலிக்கும் சேர்த்து ரூ.2,150 ஆயிற்று. பழைய சென்சாரை என் கையில் கொடுத்து, பில்லும் எழுதித் தந்தார். பட்டறையிலிருந்து கிளம்பித் தெருமுனையை அடைவதற்குள் விளக்கு அணைந்தது.

எல்லாப் பழுதும் இப்படி வயரோடு முடிந்துவிடாது என்பதையும் அந்த இளைஞரே சொன்னார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றாவிட்டால் யூனிட்டின் உள்ளே இருக்கும் வால்வுகள் அரிக்கப்பட்டு, உண்மையிலேயே யூனிட்டை மாற்ற வேண்டிய நிலை வந்துவிடுமாம். மூடியில் டாட் 4 என்று பிரேக் ஆயிலின் வகையை அச்சிட்டிருக்க, திறந்து வைத்த பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றி நிரப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர்களும் டயர் மாற்றுவோரும் அந்தத் துளை வளையத்தை வளைக்காமலும் சென்சார் வயரை இழுக்காமலும் சக்கரத்தைக் கழற்றக் கற்றுக்கொள்வது அவசரத் தேவை. யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை என்பதால் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறியீட்டைக் காட்ட மறுப்பது சிறிய விஷயம் அன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான விவகாரங்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். தனிப் பட்டறைகளுக்குக் கருவி கிடைக்காத சிக்கலும் புதிதல்ல. 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியில் முறைகேடுகளைத் தடுக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தபோது, உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றே உத்தரவிட்டது. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஆனால் பென்னாகரத்து மெக்கானிக்கின் கைக்கு இன்னும் ஒரு ஸ்கேனர் வந்து சேரவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகும் ஓசூர் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகளைப் பயிற்றுவித்து அனுப்பும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், ஏற்கெனவே பட்டறை நடத்தி வரும் மெக்கானிக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏபிஎஸ் பழுது கண்டறியும் பயிற்சியை அளித்து, ஸ்கேனர் வாங்கக் கடனுதவிக்கும் வழிகாட்டினால், அதைவிடப் பயனுள்ள வகுப்பு இருக்க முடியாது. சர்வீஸ் சென்டர்கள், ஏபிஎஸ் வேலை எதுவானாலும் பிழைக் குறியீட்டை ஜாப் கார்டில் எழுதித் தரவும், கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்கவும் மாவட்ட நிர்வாகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியின் மற்ற இரண்டு வண்டிகளில் ஒன்றை வரும் சனிக்கிழமை ஓசூருக்கு எடுத்துச் செல்லவிருக்கிறோம். ஒரு குறியீட்டைப் படித்துப் பார்ப்பதற்காக, ஏபிஎஸ் வேலை செய்யாத வண்டியை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. மற்றொரு வண்டியையாவது தருமபுரியிலேயே நம்பி விட ஓர் இடம் இருக்குமானால், அதை அறிந்த வாசகர்கள் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.