எதிர்க்கட்டில் அக்காவுக்கு, அப்புறம் கூட நின்ற எல்லோருக்கும்

அப்பா தெளிந்துவிட்டார். நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மிளகுக்கொடிக்கு மருந்து அடிச்சாச்சா என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இடுப்பு ஆபரேஷனுக்காக அப்பாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது உங்களில் பலருக்குத் தெரியும், அது எப்படி ஆனது என்று திரும்பச் சொல்ல மனசில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்காமல் அப்பாவை இறக்கிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் தம்பி, ரத்தம் கொடுத்த அஸ்தம்பட்டி நண்பர்கள், தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட நாகலூர்க்காரர்கள், இடுப்பு ஆபரேஷனை நல்லபடியாக முடித்த டாக்டர்கள், நர்ஸுகள், எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் இந்த மடல் முக்கியமாக எதிர்க்கட்டில் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுக்குச் சலங்கை வைக்கிற வேலை, வீட்டுக்காரருக்குத் துணையாக வார்டில் இருந்தார். ஆபரேஷனுக்கு அடுத்த ராத்திரி அப்பா காபித் தோட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மழை வருது பழத்தை அள்ளுங்கடா என்று கத்தி, ட்ரிப்ஸைப் பிடுங்கப் போனார். என்னை யாரென்றே தெரியவில்லை. வார்டே எழுந்துவிட்டது. அக்கா நிதானமாக வந்து, பையிலிருந்த அப்பாவின் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டார். காது மெஷினையும் என்னை வைக்கச் சொன்னார். “ஐயா, இது சேலம் ஆஸ்பத்திரிங்க. இடுப்புக்கு ஆபரேஷன் ஆயிருக்குது. இவன் உங்க மவன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை.” அப்பா அவர் முகத்தையே பார்த்தார், கை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குழம்பினார், அக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னார், விடியும்வரை சலிக்காமல்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். இது பைத்தியம் இல்லை, டெலிரியம், அதாவது உடம்பு முடியாதபோது திடீரென வரும் மனக்குழப்பம். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வரும், வரும் போகும், ராத்திரியில் கூடும். யாருக்கு வரும் என்று ரத்தத்திலேயே தெரியுமா என்றும் ஆராய்கிறார்களாம். மரபணுவின் எழுத்து மாறாது, ஆனால் அதன்மேல் ஒட்டுகிற மெத்தில் என்ற ரசாயனக் குறிகள் வயதோடும் நோயோடும் மாறும், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு பார்த்ததில், டெலிரியம் வந்தவர்களின் ரத்தத்தில், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் மரபணுவில் இந்தக் குறி வயது கூடக் கூடக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எடுக்கிற டெஸ்ட்டாக இது இன்னும் வரவில்லை.

அதுவரை கையில் இருப்பது அக்கா செய்ததுதான். 1999-ல் அமெரிக்காவின் டாக்டர் ஷாரன் இனூய் குழு, வார்டில் சேர்ந்த முதியவர்களுக்குக் கண்ணாடி, காது மெஷின், தூக்கம், தண்ணீர், நடக்க வைப்பது, இடமும் நாளும் எடுத்துச் சொல்வது என்று கவனித்ததில், அவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் டெலிரியம் வந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு வந்தது. அக்கா இதையெல்லாம் படித்தவரில்லை. ஆனால் அந்த ராத்திரி அப்பாவுக்கு வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்குச் சேலத்தில் யாராவது ரத்தம் கேட்டால் நானும் அப்பாவும் முதல் ஆளாக நிற்போம். இனி எந்த வார்டில் எந்தப் பெரியவர் பிதற்றினாலும் ஒதுங்கிப் போக மாட்டேன்.

அக்கா, வீட்டுக்காரருக்குக் கால் சரியானதும் ரெண்டு பேரும் ஏற்காடு வாங்க. அப்பா உங்களைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.