58 ரெக்கார்டில் ஒரே தப்பு: எங்கள் பார்மசி கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த மறுநாள் லேபிலிருந்து எந்தச் சாமான் எந்த அறைக்குப் போனது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. போன வாரம் மெடிசினல் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் தேர்வில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் காதுக்கு அது வேறு மாதிரி வந்திருக்கலாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் என் ரெக்கார்டை, அதாவது ப்ராக்டிகல் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தைச் செய்கிற பக்கத்தில் நிறுத்தினார். "மெல்டிங் பாயிண்ட் என்னம்மா?" என்றார். "195 சார்." "நீயே பார்த்தியா?" நான் வாய் திறக்கவில்லை. மேசையில் அடுக்கியிருந்த ரெக்கார்டுகளில் இன்னொன்றை எடுத்தார். 195. அதற்கடுத்தது, 195. எங்கள் வகுப்பில் 58 பேர். 58 பேருக்கும் 195 டிகிரி, 58 பேருக்கும் யீல்டு (கிடைத்த மருந்து) 2.8 கிராம், 58 பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்து. ஃபெனிடாயின் உருகுவது 295 டிகிரிக்கு மேலே. எந்த வருஷத்து அண்ணனோ அக்காவோ 2 போட வேண்டிய இடத்தில் 1 போட்டிருக்கிறார். பேட்ச் பேட்சாகக் கைமாறி அந்த 1 எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சார் திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 295 என்று சரியாகவே எழுதியிருந்தாலும் அதுவும் பொய்தான். எங்கள் லேபில் மெல்டிங் பாயிண்ட் பார்க்கச் சூடாக்குகிற எண்ணெய் லிக்விட் பாரஃபின். 220ஐத் தாண்டினால் அது புகைய ஆரம்பித்துவிடும். தெர்மாமீட்டரோ 250 வரைக்கும்தான். ஆக, இந்தக் கல்லூரியில் ஃபெனிடாயின் உருகியதை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

செய்ய முடியாத வித்தை ஒன்றுமில்லை அது. பென்ஸில் என்ற ரசாயனம் 5.3 கிராம் (எழுதுகிற பென்சில் அல்ல, லேபில் எங்களுக்குத் தாராளமாகக் கிடைப்பது அந்த எழுதுகிற பென்சில் ஒன்றுதான்), யூரியா 3 கிராம், ஆல்கஹால், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப இறக்கிக்கொண்டே கொதிக்கவிடுவது. ஆறவிட்டுத் தண்ணீரில் ஊற்றி வடிகட்டினால் தெளிந்த கரைசல் வரும். மருந்து அதற்குள் சோடியம் உப்பாகக் கரைந்து நிற்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் வெள்ளை வெளேரென்று மருந்து பிரிந்து கீழே இறங்கும். இறங்குமாம். நான் பார்த்ததில்லை.

ஐயா, அந்த ஒரு காட்சிக்குள் முதல் யூனிட்டில் பாதி இருக்கிறது. "அயனியாதல், கரைதிறன்" என்று நாங்கள் மனப்பாடம் செய்ததெல்லாம் அதுதான். ஃபெனிடாயின் ஒரு வலுக்குறைந்த அமிலம், காரத்தில் கரையும், pH (அமில-கார அளவு) இறங்கினால் கரையாமல் வெளியே வரும். ஊசி மருந்தாகச் செய்யும்போது அதை pH 12 வாக்கில் வைத்திருப்பது அதனால்தான். அதைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது, pH இறங்கிப் படிகமாகப் படிந்துவிடும், நார்மல் சலைனில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதும் அதனால்தான். பீக்கரில் அந்த வெள்ளை இறங்குவதை ஒரு தடவை பார்த்தவள் வார்டில் அதை மறக்க மாட்டாள். 195 என்று காப்பி அடித்தவளுக்கு எது நினைவிருக்கும்?

என் அப்பத்தா பத்து வருஷமாக வலிப்புக்கு இந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். ஈறு வீங்கிப்போய்த் தேன்குழலைக்கூடப் பாலில் ஊறவைத்துத்தான் தின்ன முடிகிறது. அந்த வீக்கமும் இந்த மருந்தின் வேலைதான். "மருந்துக்குத்தானே ஆத்தா படிக்கிறே, இதை எப்படிச் செய்றாகன்னு சொல்லேன்" என்று கேட்டார். அம்புக்குறி போட்டு எழுதிக் காட்டினேன். "கோலம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். முதலாவது, ஆவியைக் குளிரவைக்கிற கண்டென்சரில் இரண்டு மணி நேரம் தண்ணீர் ஓடவேண்டும், தண்ணீர் இல்லை. ஊருணி வெட்டித் தண்ணீரைச் சேர்த்துவைத்துப் பிழைத்த ஊரில் பிறந்தவர்கள் நாங்கள், தண்ணீரின் அருமை தெரியும். முகப்புப் புல்வெளியில் ஸ்பிரிங்க்ளர் சுற்றுவதும் தெரியும். குழாயே வேண்டாம். ஏர்கூலரில் போடுகிற சின்ன பம்ப் ஒன்றும் ஒரு வாளி தண்ணீரும் இருந்தால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாவது காரணம், "கண்ணாடிச் சாமான் உடைஞ்சிரும்." பிரேக்கேஜ் என்று எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள். உடைக்கவாவது விடுங்கள். எங்கள் கைக்கு வருவது வகுப்புக்கு ஒரே ஒரு ஸெபரேட்டிங் ஃபனல் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கிற கண்ணாடிக் குடுவை). ஆஸ்பிரின் ஆக்டனால் என்ற, தண்ணீரோடு கலக்காத திரவத்தில் எவ்வளவு போகிறது, தண்ணீரில் எவ்வளவு நிற்கிறது என்று குலுக்கிப் பார்க்கிற பார்டிஷன் கோஎஃபிஷியன்ட் சோதனையில், குலுக்கியவர் சார். வேடிக்கை பார்த்தவர்கள் 58 பேர். மற்ற ஃபனல்களெல்லாம் செட்டிநாட்டு வளவு வீட்டு உள்ளறையில் பூட்டிய சீர்சாமான் மாதிரி ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப் புழங்காத சீர்சாமான் கடைசியில் எங்கே போகும் என்று காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குத்தான். எங்கள் தராசை மட்டும் இப்போதே கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும்.

கேட்பது ஒன்றுதான். லேபைத் திறந்து எங்கள் கையால் செய்யவிடுங்கள்.

இந்த ஊர் கெமிஸ்ட்ரிக்குக் கொடுத்த ஊர். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரவேண்டும் என்பதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த மண்ணில் நாங்கள் இரண்டாவது ஃபனல் கேட்டு மடல் எழுதிக்கொண்டிருக்கிறோம். வாசலுக்கு வளைவு கட்டியாயிற்று. எங்கள் ஏப்ரனில் இஸ்திரி கலைந்திருந்தால் ஃபைன். பார்வைக்கு எல்லாம் பிரமாதம். 1937ல் அமெரிக்காவிலும் ஒரு கம்பெனி அப்படித்தான் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, சுவை, மணம், தோற்றம் மூன்றையும் பார்த்துவிட்டு விற்றது. நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷ ப்ராக்டிகலில் எங்களுக்கு அதே சல்ஃபனிலமைடு இருக்கிறது. அதன் மெல்டிங் பாயிண்டையும் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். எங்கள் சார்களையும் மேம்களையும் குறை சொல்லவில்லை. ஸ்டோர் ரூம் சாவி அவர்களிடம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

மார்க்குக்காகவும் கேட்கவில்லை. ப்ராக்டிகல் முடிந்து 50க்கு மார்க்கும் போட்டாயிற்று. தியரி தேர்வுக்கு முன்னால் ஸ்டடி லீவில் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் காலையில் லேபைத் திறந்துவைக்க வேண்டுகிறோம். நாலு பேருக்கு ஒரு செட் போதும். பம்ப்பை நாங்களே காசு போட்டு வாங்கிக்கொள்கிறோம், வாளி என் வீட்டிலேயே இருக்கிறது. 360 டிகிரி வரை காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்றும், மெல்டிங் பாயிண்ட் பார்க்கிற மின்கருவி ஒன்றும் தயவுசெய்து வாங்கிக் கொடுங்கள். ஜூனியர்களிடம் ரெக்கார்டைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த 1ஐ அடித்துவிட்டு, கண்ணால் பார்த்த எண்ணை எழுதவேண்டும்.

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு லேப் வாசலில் இருப்போம். சாவியை மட்டும் கொடுத்தனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
பணிவுடன்,
நான்காம் செமஸ்டர் மாணவி ஒருத்தி