நீலத்தைத் துடைத்துவிடாதீர்கள்: பழைய படங்களை இணையத்தில் ஏற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆரம்பகாலப் பரிசோதனைப் படங்களை எங்களைப் போன்றவர்கள் பார்க்க முடிவதே உங்களால்தான். எங்கள் ஊர்த் தியேட்டர்களுக்கு இவை வந்ததில்லை. மாயா டெரன், ஜோசப் கார்னெல் என்று இயக்குநர்களின் பெயரை மட்டும் படித்து வைத்திருந்தவர்களுக்குப் படத்தையே காட்டியவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: மெருகேற்றுகிறோம் என்று இந்தப் படங்களின் வேகத்திலும் நிறத்திலும் மௌனத்திலும் கை வைக்காதீர்கள்.

1936 டிசம்பரில் நியூயார்க்கில், ஜூலியன் லெவியின் கலைக்கூடத்தில், கார்னெல் தன் ‘ரோஸ் ஹோபார்ட்’ படத்தைத் திரையிட்டார். அது அவர் கேமரா வைத்து எடுத்த படமல்ல. ‘ஈஸ்ட் ஆஃப் போர்னியோ’ என்ற 1931ஆம் ஆண்டு ஹாலிவுட் சாகசப் படத்தின் பிரதியை வெட்டி, கதையை உதறிவிட்டு, நாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளையே பெரும்பாலும் எடுத்து ஒட்டினார். ஒன்றேகால் மணி நேரப் படம் இருபது நிமிடத்துக்குள் சுருங்கியது. நடுவே வேறெங்கிருந்தோ எடுத்த கிரகணக் காட்சி ஒன்று வரும். உருண்டையாக ஏதோ நீரில் விழ, அலை வளையங்கள் மெல்ல விரியும். சூரியனே குளத்தில் விழுந்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றும்.

பேச்சொலியை எடுத்துவிட்டு, நெஸ்டர் அமரலின் பிரேசில் இசைத்தட்டை ஓடவிட்டார் கார்னெல். பேசும் படத்தை மௌனப் பட வேகத்துக்குக் குறைத்தார். புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடி. ரோஸ் திரும்பிப் பார்ப்பதும் திரைச்சீலை அசைவதும் தூக்கத்தில் நடப்பவை போல ஆனது இதனால்தான். அங்கிருந்த சர்ரியலிச ஓவியர் சால்வடார் டாலி கொதித்துப்போய் புரொஜெக்டரைத் தள்ளிவிட்டார் என்பார்கள். தன் மனதில் கிடந்த படத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்று அவருக்குக் கோபம். அந்த நீலத்தை ‘கறை’ என்று நினைத்து நீக்கி, வேகத்தையும் ‘சரிசெய்து’ ஏற்றினால், மிஞ்சுவது ஒரு சுமாரான காட்டுப் படத்தின் வெட்டுத் துண்டுகள்தான்.

டெரனின் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்துக்கு நேர்வதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. 1943இல் லாஸ் ஏஞ்சலஸில், டெரனும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹாமிடும் தங்கள் வீட்டிலேயே 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம். ஒரே பெண் பலராகப் பிரிந்து ஒரே மேசையைச் சுற்றி உட்கார்கிறாள். அதில் ஒருத்தி கத்தியோடு எழுகிறாள். அவள் எடுத்து வைக்கும் ஓர் அடி கடற்கரை மணலில், அடுத்தது புல்லில், பிறகு நடைபாதைத் தளத்தில், கடைசி அடி வீட்டுக் கம்பளத்தில். அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அவள் ஓர் உலகத்தையே கடக்கிறாள். அந்த மிரட்சி முழுவதும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டெனத் தாவும் வெட்டின் கூர்மையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் விநாடிக்கு 60 ஃப்ரேமாக்கிய பிரதி ஒன்றைப் பார்த்தேன். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இல்லாத படங்களை அந்த மென்பொருள் ஊகித்து நுழைத்திருந்தது. மணல் குழைந்து புல்லாகிறது. வெட்டே காணோம்!

ஒலியும் அப்படித்தான். 1943இல் அது மௌனப் படம். தெய்ஜி இதோவின் இசை 1959இல் டெரனே சேர்த்தது. இரண்டு வடிவமும் அவருடையவை. என்னைக் கேட்டால் மௌன வடிவமே மேல். சாவி படிக்கட்டில் துள்ளித் துள்ளி விழும்போது அந்தச் சத்தத்தை நம் மனமே எழுப்பிக்கொள்கிறது. யாரோ வாசித்த சோகப் பியானோவை அதன்மேல் போட்டால் அந்த வேலை நமக்கு இல்லாமல் போகிறது.

ராச்செஸ்டரில் ஜேம்ஸ் சிப்லி வாட்சனும் மெல்வில் வெபரும் 1928இல் முடித்த ‘தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்’ பட்டகக் கண்ணாடிகளால் சிதறடித்த பிம்பங்களால் ஆனது. அதே ஆண்டு ராபர்ட் ஃப்ளோரியும் ஸ்லாவ்கோ வோர்கபிச்சும் அட்டையை வெட்டி ஒரு ஹாலிவுட்டையே கட்டி, நெற்றியில் 9413 என்று எண் எழுதப்பட்ட துணை நடிகனின் கதையைச் சொன்னார்கள். இவற்றில் ஒன்றின்மேல் ஒன்று படிந்த உருவங்களையும் கலங்கிய நிழல்களையும் மென்பொருள் குறை என்று எண்ணித் துலக்கிவிடுகிறது. அட்டை அட்டையாகவே தெரியும்போது அந்த நகரம் போய்விடுகிறது.

ஏற்றியவற்றை நீக்கச் சொல்லவில்லை. படத்தின் கீழே நாலு வரி எழுதுங்கள்: பிரதி எந்த ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தது, எந்த வேகத்தில் ஓடுகிறது, நிறமோ இசையோ நீங்கள் சேர்த்ததா. மாற்றாத பிரதி கையில் இருந்தால் அதையும் பக்கத்திலேயே ஏற்றுங்கள். டெரன் படத்தின் கீழே ஹாமிடின் பெயரையும் சேருங்கள். பல இடங்களில் அது விடுபட்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்